பசிக்கு ஒரு குளிசை



போன கிழமை, கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்த மருமகள் முறையான ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் குளிசை ஒன்றை விழுங்கினாள். "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?" என்றேன். "இல்லை மாமி, பசி எடுக்காமல் இருக்கிறதுக்கு" என்றாள். எனக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் ஊரான தண்ணீரூற்றில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பசியைக் காசு கொடுத்து விரட்டுவதும் உலகத்தில் நடக்கிறது!

போத்தலில் 'ஹூடியா' என்று எழுதியிருந்தது. தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் பாலைநிலத்தில் வளரும் செடி. பார்த்தால் கள்ளி; சாதியில் எங்கள் எருக்கலைக்குச் சொந்தம். பூ அழுகிய இறைச்சிபோல நாறும், ஈ மொய்க்கும். கலஹாரியின் சான் மக்கள் நாட்கணக்கில் வேட்டைக்குப் போகும்போது அதன் தண்டை மென்று பசியையும் தாகத்தையும் தாங்கிக்கொண்டார்கள். சாப்பாடு கிடைக்காத இடத்தில் கண்டுபிடித்த உபாயம் அது.

1990களின் நடுவில் தென்னாபிரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனமொன்று அந்தச் செடியின் சாரத்துக்குக் காப்புரிமை எடுத்தது. சான் மக்களை ஒரு சொல் கேட்கவில்லை. உரிமம் பெற்ற பிரித்தானியக் கம்பனியின் தலைவரோ, அந்த மக்கள் அழிந்துபோனார்கள் என்றே நினைத்திருந்தாராம். உயிரோடிருந்தவர்கள் வழக்கறிஞர் வைத்துப் பேசி, 2003இல்தான் பங்கு ஒப்பந்தம் செய்தார்கள்: ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வரும் உரிமத்தொகையில் நூற்றுக்கு 6. ஆனால் அந்தச் சாரத்தை மருந்தாக்க முயன்ற பைசர் கம்பனி அதே ஆண்டில் அதைக் கைவிட்டது. பிறகு வந்த யூனிலீவரும் 2008இல் விலகியது. 49 பெண்களை வைத்து அந்தச் சாரத்தை 15 நாள் சோதித்துப் பார்த்ததன் முடிவு 2011இல் வெளியானது. சாப்பாடு குறையவில்லை, குமட்டலும் வாந்தியும் இரத்த அழுத்தமும்தான் கூடின.

தமிழ்நாட்டின் வறண்ட குன்றுகளில் ஹூடியாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு, கள்ளிமுளையான். பெங்களூரில் 50 பேரை வைத்து அதன் சாரத்தை 60 நாள் சோதித்துப் பார்த்து ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். பசி குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. உடல் எடையில் சொல்லும்படி மாற்றமில்லை. அதையும் இப்போது குளிசையாக்கி விற்கிறார்கள்.

எங்கள் வேலிப் பிரண்டையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதுவும் சதைத்தண்டுச் செடிதான், தண்ணியில்லாமலே கிடக்கும். ஆனால் பழப்புளி கூட்டி, கையரிப்பைப் பொறுத்துக்கொண்டு அரைக்கிற அந்தத் துவையலை எங்கள் அம்மாமார் தந்தது வாய் மறுத்துக் கிடந்தவனுக்கு, பசி எடுக்கட்டும் என்று. எனக்கு அந்த வைத்தியம்தான் பிடித்திருக்கிறது. மருமகளுக்கும் அரைத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

சான் மக்களைப்போல, எங்கள் ஊரில் தேனெடுக்கவும் மாடு தேடவும் காட்டுக்குள் போன பெரியவர்கள் பாலைப்பழம், வீரப்பழம் தவிர வேறு எதை மென்று பசி தாங்கினார்கள்? வீட்டில் கேட்டு, செடியின் ஊர்ப்பெயரோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்