ஆசாரிய ராயின் சம்பளம்

உபாத்தியாயர் தொழிலை மேடையேறிப் புகழ்வோர் நம் தேசத்தில் அநேகர். அத்தொழிலால் வந்த பணத்தை அத்தொழிலுக்கே திருப்பிக் கொடுத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் கல்கத்தா ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயை நாம் முதல்வராகக் கருதுகிறோம்.

எடின்பரோவில் 1887-ல் ரஸாயன சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அவருக்கு, 1889-ல் துரைத்தனத்தார் பிரஸிடென்ஸி கலாசாலையில் அளித்தது மாதம் 250 ரூபாய் உத்தியோகம். மேல்தரத்து ஸ்தானங்கள் பெரும்பாலும் வெள்ளையருக்கே உரியனவாயிருந்த காலம் அது. இவ்வநீதிக்கிடையே அவர் 1916 வரை அங்கே போதித்தார். மேக்நாத் ஸாஹா, ஸத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ் முதலியோர் அவரிடம் பாடங் கேட்டவர்களே.

பின்னர் தாரக்நாத் பாலித் வைத்த தர்மத்தால் ஸர்வகலாசாலையில் ஏற்பட்ட ரஸாயன பீடத்தில் அமர்ந்தார். அப்பீடத்தை இந்தியரே வகிக்க வேண்டுமென்பது பாலித் விதித்த நிபந்தனை. 1921-ல் ராய்க்கு அறுபது வயது நிரம்பிற்று. அன்று தொட்டுத் தமக்கு வரவேண்டிய சம்பளம் முழுவதையும் ரஸாயன இலாகாவின் அபிவிருத்திக்கே விட்டுவிட்டார். 1936-ல் ஓய்வு பெறும் வரையில், பதினைந்து வருஷம், கூலி பெறாத ஆசிரியராகவே உழைத்தார். குடியிருப்போ அக்கலாசாலையிலேயே ஓர் அறை. அங்கும் ஏழை மாணாக்கர் சிலர் உடனிருந்தனர்.

அவர் விவாகம் செய்து கொள்ளாதவர், கொடுப்பதில் அவருக்கென்ன கஷ்டம் என்பாருண்டு. இருக்கட்டும். குடும்பஸ்தர் முழுச் சம்பளத்தையும் துறக்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கைநிறையப் பென்ஷன் பெறும் ஆசிரியர் ஒருவர், தம் பழைய கலாசாலையில் ஒரே ஓர் ஏழைப் பிள்ளையின் பரீக்ஷைக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டால் அவர் குடி முழுகிப் போகுமா? சம்பளமில்லாப் பையன் பள்ளியை விட்டு நின்று விடுகிறான். அவன் பெயரை எந்த அறிக்கையும் சொல்வதில்லை. பிரபுக்கள் கொடுக்கட்டும் என்று காத்திருப்பது சோம்பேறிகளின் வாதம். பிரபுக்கள் கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், வாசலில் பெயர் பொறிக்கலாமல்லவா! அக்கட்டடத்துள் பசியோடு உட்கார்ந்திருப்பவனை அறிபவர் ஆசிரியரே. ஆகையால் முதற் கடமையும் அவருடையதே.

பெயரென்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரஸாயன ஆராய்ச்சியில் சிறந்தோருக்குப் பரிசளிக்க 1922-ல் ராய் 10,000 ரூபாய் கொடுத்தார். பரிசுக்கு அவர் வைத்தது தம் பெயரன்று. பழைய பாரத ரஸாயன பண்டிதர் நாகார்ஜுனரின் பெயர்.