மருந்துப் படிப்பு தபாலில் வராது!



"வேலையை விடவேண்டாம், கல்லூரிக்குப் போகவேண்டாம், வீட்டிலிருந்தே டி.பார்ம்!" மும்பையில் நம் சால்களின் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் கிளை மையமாம்! தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் சங்கத்தில் வந்து அழுகின்றன.

தபால்வழிக் கல்வியை நாம் பழிக்கவில்லை. பகலில் மூட்டை தூக்கி, இரவில் படித்து பி.ஏ. வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. மருந்தாளுநர் படிப்பு வேறு. 1948-ஆம் ஆண்டு பார்மஸி சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டிப்ளமோ படித்தால்தான் பதிவு கிடைக்கும். இரண்டாண்டு வகுப்பு, பிறகு 500 மணி நேரப் பயிற்சி. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020-இல் இப்படிப்பைத் தொலைநிலையில் நடத்தத் தடை போட்டது.

பதிவில்லாதவன் மருந்து கொடுத்தால், அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி குற்றம். பணம் வாங்கியவன் ஊர் மாறிவிடுவான். வழக்கில் நிற்பது நம் பிள்ளை. மருந்து மாறினால் சாவதும் நம் பிள்ளையே!

ஏமாற்றுக்காரனை மட்டும் ஏசி என்ன பயன்? அரசுக் கல்லூரியில் இடம் போதாது. தனியார் கட்டணம் நமக்கு எட்டாது. அந்த இடுக்கில்தான் இந்த வியாபாரம் தழைக்கிறது. அரசே, இடங்களைப் பெருக்கு! போலி மையங்களை இழுத்துப் பூட்டு!

பெற்றோரே, பணம் கட்டுமுன் கல்லூரியின் பெயர் இந்திய பார்மஸி கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் ஞாயிறு மாலை சங்கத்துக்கு வாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.