ஒளியும் நோயும்

மூன்று மாதமாக மாலையானால் காய்ச்சல். எடை குறைகிறது. ரத்தப் பரிசோதனையில் இ.எஸ்.ஆர். எகிறி நிற்கிறது. எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் கைவிரித்துவிட்டன. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு இப்போதெல்லாம் டாக்டர்கள் எழுதித் தருவது பெட் ஸ்கேன்.

புற்றுநோய்க்கான பரிசோதனை என்றே இது பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் உடலுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியையும் இது காட்டிக்கொடுக்கும். காரணம், சர்க்கரை. புற்றுநோய்த் திசுக்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி விழுங்குவதை 1920களிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அழற்சி உள்ள இடத்தில் குவியும் வெள்ளணுக்களுக்கும் அதே அகோரப் பசி உண்டு. எனவே, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளூரின்-18ஐச் சேர்த்து ஊசி மூலம் செலுத்துகிறார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படமெடுத்தால், பசித்த இடங்கள் ஒளிர்கின்றன.

எஃப்.டி.ஜி. என்ற இந்த மருந்து மனிதர்களுக்கு முதலில் செலுத்தப்பட்டது 1976ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். இந்தியாவுக்கு பெட் ஸ்கேன் வந்தது 2002ல், மும்பையிலுள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில். ஃப்ளூரின்-18ன் வீரியம் 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஆகவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் வெகு தொலைவில் இருந்தால் பயனில்லை. இந்த வசதி பெரிய நகரங்களைச் சுற்றியே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உறுப்பின் வடிவம் கெடுவதற்கு முன்பே அதன் செயல்பாடு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தைப் பிடிப்பதுதான் பெட்டின் பலம். ஆசிய நாடுகளில், குறிப்பாக இளம் பெண்களிடம் அதிகம் காணப்படும் தகாயாசு நோயில் மகாதமனியின் சுவர் அழன்று தடிக்கிறது. முற்றினால் ரத்தக் குழாய் சுருங்கி, கையில் நாடித்துடிப்பே மறைந்துபோகலாம். குழாய் சுருங்குவதற்கு முன்பே சுவர் ஒளிர்வதை பெட் காட்டக்கூடும். ஆனால் ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்கினால் சில நாட்களிலேயே ஒளி மங்கிவிடும். அதற்காக, அவசரமாகச் சிகிச்சை தேவைப்படுபவரை ஸ்கேனுக்காகக் காக்க வைப்பதும் தவறு.

சிக்கல் இனிமேல்தான். பசியைக் காட்டும் படம், பசித்தவன் யார் என்று சொல்வதில்லை. காசநோய், சார்காய்டோசிஸ், நிணநீர்ப் புற்று மூன்றுமே பளிச்சென்று ஒளிரும். உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாட்டில் இது சாதாரண விஷயமல்ல. நுரையீரல் புற்றுநோயாளியின் மார்பில் ஒளிரும் நிணநீர் முடிச்சு, புற்று பரவியதன் அடையாளமாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். பரவிவிட்டது என்று முடிவுகட்டினால், அறுவை சிகிச்சையால் பிழைக்கக்கூடியவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். காசநோய் என்று எண்ணி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால், அந்த ஆறு மாதமும் புற்றுக்கு லாபம்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியது திசுப் பரிசோதனை. எந்த முடிச்சில் ஊசி போட்டுத் திசு எடுத்தால் விடை கிடைக்கும் என்று வழிகாட்டுவதே பெட் செய்யும் பேருதவி. காரணம் புரியாத காய்ச்சலில் இந்த வழிகாட்டலுக்கு விலையே இல்லை.

எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள், எதற்கும் பார்த்துவிடலாமே என்று இந்த ஸ்கேனுக்குப் போவது வீண். கதிர்வீச்சு ஒருபுறம், என்றோ வந்துபோன தொற்றின் மிச்சம் ஒளிர்ந்து, தூக்கத்தைக் கெடுப்பது மறுபுறம்.

பெட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ‘‘இது என்ன நோய் என்று திசு பார்த்து உறுதி செய்தாகிவிட்டதா?’’ இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.