மகள் கேட்ட கேள்வி

பேஸ்பால் நம் ஊரில் அதிகம் ஆடாத ஆட்டம். விதிமுறைகள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஜிம் அபோட்டைத் தெரிந்துகொள்ள அது தடையில்லை.

1967-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஃபிளின்ட் நகரில் பிறந்தார் ஜிம். பிறவியிலேயே வலது கை முழுதாக உருவாகவில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் அப்போது 18 வயதுதான். சிறு வயதில் கொக்கி வைத்த செயற்கைக் கை மாட்டினார்கள். ஜிம்முக்கு அது பிடிக்கவில்லை, கழற்றிப் போட்டார்.

பையனுக்குப் பந்து விளையாட ஆசை. பேஸ்பாலில் ஒரு கையால் வீச வேண்டும், இன்னொரு கையில் கிளவுஸ் மாட்டிப் பிடிக்க வேண்டும். இருப்பதோ ஒரு கை. என்ன செய்வது? அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளவுஸை வலது கை முனையில் தொங்கவிட்டு, இடது கையால் பந்தை வீசுவது. வீசிய அடுத்த நொடி இடது கையை கிளவுஸுக்குள் நுழைத்துவிடுவது. பந்து திரும்பி வந்தால் பிடித்து, கிளவுஸை அக்குளில் இடுக்கி, பந்தை உருவி மறுபடி எறிவது. சுவரில் பந்தை அடித்து அடித்து இதைப் பழகினார் ஜிம். பள்ளி ஆட்டங்களில் எதிரணியினர் வேண்டுமென்றே பந்தை லேசாகத் தட்டி அவர் முன்னால் உருட்டிவிட்டுச் சோதித்தார்கள். பழகிய கை ஏமாறவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இறுதி ஆட்டத்தில் ஜப்பானை அமெரிக்கா வென்றபோது பந்து வீசியவர் ஜிம். அடுத்த ஆண்டே மேஜர் லீக். 1993 செப்டம்பர் 4 அன்று, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடியபோது, கிளீவ்லேண்ட் அணியை ஒரு ஹிட் கூட அடிக்கவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். இரண்டு கை உள்ளவர்களுக்கே அரிதாக வாய்க்கும் சாதனை இது. இத்தனைக்கும் சில நாள் முன்புதான் அதே கிளீவ்லேண்ட் அவரை வெளுத்து வாங்கியிருந்தது!

இத்தோடு நிறுத்தினால் சினிமாக் கதை. ஆனால் 1996-ல் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஒரு சீசனில் 2 வெற்றி, 18 தோல்வி. அடுத்த ஆண்டு அணியிலிருந்தே விடுவித்துவிட்டார்கள். 1998-ல் திரும்பி வந்து 5 ஆட்டங்களில் வென்றார். 1999-ல் ஓய்வு. மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி.

ஓய்வுக்குப் பின் 2012-ல் சுயசரிதை எழுதினார். அதில் வெற்றிகளைப் போலவே இந்தத் தோல்விகளும் உண்டு. மகளின் பள்ளிக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசப் போன நாளும் உண்டு. குட்டி மகள் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி, அந்தச் சின்னக் கை அப்பாவுக்குப் பிடிக்குமா என்று கேட்டுவிட்டாள். எத்தனையோ நிருபர்களுக்குப் பதில் சொன்னவர் அதை எதிர்பார்க்கவில்லை. பிடிக்கும் என்றார், ஆனால் எப்போதும் பிடித்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று அவர் சமாளித்திருக்கலாம். குழந்தையும் நம்பியிருக்கும். ஆனால் நாளை அவளுக்கே தன்னிடம் ஏதாவது பிடிக்காமல் போகும்போது, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்வாள்.

பள்ளியில் கிண்டல், மார்க் குறைவு, உயரம், நிறம்... நம் வீட்டுப் பிள்ளைகளும் ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'அதெல்லாம் ஒண்ணுமில்லை, போய்ப் படி' என்று அனுப்பிவிடாதீர்கள். 'எனக்கும் இப்படி இருந்ததுடா' என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதன்பிறகு, ஜிம்மின் அப்பா செய்தது போல, வழி என்ன என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம்.