ஐயவினா வரும்போது கதிரையில் யார்?

மானிப்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட வலிகாமம் தென்மேற்கு பிரதேச சபைக்கு 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்தது. 2023 மார்ச் 19உடன் பதவிக்காலம் முடிந்தது. நாட்டின் ஏறக்குறைய எல்லாச் சபைகளையும் போல அடுத்த தேர்தலுக்கு 2025 மே 6 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை தவிசாளர் இல்லை, உறுப்பினர் இல்லை, செயலாளரே சபை. 2022ஆம் ஆண்டுக் கணக்கின் கணக்காய்வு அறிக்கை அந்த இடைவெளியில் இப்படிக் காத்திருந்த எந்தச் சபைக்கு வந்திருந்தாலும், அந்த ஆண்டுப் பாதீட்டுக்குக் கையுயர்த்திய ஒருவரும் அங்கே இருந்திருக்கமாட்டார்.

கணக்காய்வில் தாமதம் என்றதும் கொழும்பைக் கைகாட்டுவது எங்களுக்குப் பழக்கம். 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் தலைமை அதிபதி ஓய்வுபெற்றபின் பல மாதங்கள் நிரந்தர நியமனம் நடக்காதது உண்மைதான். ஆனால் எங்கள் சபைகளின் மேசையில் பிறக்கும் தாமதமும் சிறியதில்லை. நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடியும். வருடாந்த இடமாற்றமும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். சோலைவரிப் பேரேட்டை எழுதியவர் வேறு சபையில் கடமையேற்றிருப்பார். நிலுவைப் பட்டியலின் கூட்டுத்தொகை பேரேட்டு மீதியோடு ஏன் ஒத்துவரவில்லை என்று புதியவர் தொலைபேசியில் அவரைத் துரத்திக்கொண்டிருப்பார். சந்தைக் கடை வைப்புப்பணம் இன்னும் சிக்கல்: கடை இரண்டு தடவை கைமாறியிருக்கும், பற்றுச்சீட்டு முதலாமவர் பெயரிலேயே கிடக்கும். கணக்காய்வாளரின் கேள்வியான ஐயவினா வரும், “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று பதில் போகும். அடுத்த ஆண்டும் அதே ஐயவினா, அதே வாக்கியம். (இந்த வாக்கியத்துக்கு ஒரு இறப்பர் முத்திரை செய்துவைத்தால் மையாவது மிஞ்சும்.)

இத்தகைய தேக்கத்தை இங்கிலாந்து வேறு வழியில் தீர்த்தது. அங்கே 2023 செப்டெம்பரில் தேங்கிக் கிடந்த உள்ளூராட்சிக் கணக்காய்வுகள் 900ஐத் தாண்டின. அரசு 2024 டிசெம்பர் 13ஐ இறுதி நாளாக விதித்தது. நூற்றுக்கணக்கான கணக்குகள் கணக்காய்வாளர் கருத்து எதுவும் சொல்லாமலே மூடப்பட்டன. தேக்கம் வடிந்தது, அந்த ஆண்டுகளின் கணக்கு சரியா பிழையா என்பதை இனி எவரும் சொல்லப்போவதில்லை. அந்த வழி எங்களுக்கு வேண்டாம்.

2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்தைப் பொறுப்பானவரிடமே அறவிடும் மிகைக்கட்டணத்துக்கு வழிவைத்திருக்கிறது. அதைச் சுமத்த, பொறுப்பாளர் யாரென்று கோப்பு சொல்ல வேண்டுமே. ஆகவே இடமாற்றம் பெறும் விடய உத்தியோகத்தரை விடுவிக்குமுன், டிசெம்பர் வரையான வங்கி இணக்கக்கூற்றையும் தீராத ஐயவினாக்களின் பட்டியலையும் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்வதைச் செயலாளர்கள் வழக்கமாக்க வேண்டும். 2025இல் வந்த சபைகள் பழைய கணக்காய்வு அறிக்கைகளை மாதாந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கட்டும். “எங்கள் காலத்துச் செலவில்லை” என்று உறுப்பினர் தட்டிக்கழிக்க இடமில்லை: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி உறுப்பினர் மாறினாலும் சபை அறாத தொடர்ச்சியுள்ள ஒரே கூட்டுத்தாபனம், பழைய ஐயவினாவுக்குப் பதில் சொல்லும் கடனும் அதனுடையதே.