பெயரிலே குருதியா?

1946 அக்டோபர் 16. நூரெம்பெர்க் சிறைக்கூடத்திலே தூக்குமேடை ஏறினான் ஆல்பிரட் ரோசன்பெர்க். நாஜிக் கட்சியின் தத்துவ ஆசான் அவன். ஆரியனே ஆளப் பிறந்தவன், யூதனோ அழிக்கப்பட வேண்டிய நச்சு என்று ஏடு ஏடாக எழுதிக் குவித்தவன். ஆண்டுகள் ஆறு கடந்தன. ஏழாம் ஆண்டும் நடந்துகொண்டிருந்தது. 1953 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் சிங்சிங் சிறையிலே, அணுகுண்டு மறைச்செய்திகளைச் சோவியத் நாட்டுக்கு அளிக்கச் சதி செய்தனர் என்று தண்டிக்கப்பட்ட கணவனும் மனைவியும் மின்சார நாற்காலியில் மாண்டனர். ஜூலியஸ் ரோசன்பெர்க், எத்தல் ரோசன்பெர்க். இருவரும் யூதர்!

இந்த வழக்குகளின் நியாயத்தை அளக்க நாம் இங்கே வரவில்லை. பெயரைப் பாருங்கள் தோழர்களே, பெயரை! யூதரைக் கருவறுக்கக் கொள்கை வகுத்தவனும் ரோசன்பெர்க். யூதராய்ப் பிறந்தவர்களும் ரோசன்பெர்க். பெயரைக் கேட்டவுடனே பிறப்பை உரைத்துவிடலாம், குடிப்பெயர் என்பது குருதியின் முத்திரை என்று மார்தட்டுவோர் உளரே, அவர்களை நாம் கேட்கிறோம்: இந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டு, எவன் ஆரியன், எவன் யூதன் என்று கூறுங்கள் பார்க்கலாம்!

கூற முடியாது. ஏனெனில் அந்தப் பெயரிலே குருதி ஒரு துளியும் இல்லை. 'ரோசன்' என்றால் ரோஜா மலர்கள். 'பெர்க்' என்றால் மலை. ரோஜா மலை, அவ்வளவே. ஜெர்மன் மொழி வழங்கிய நிலமெங்கும் இப்பெயர் தாங்கிய ஊர்கள் இருந்தன. பவேரியாவிலே ஒன்று, மேல் சிலேசியாவிலே ஒன்று, மேற்குப் பிரஷ்யாவிலே ஒன்று. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவனை, எந்த ஊரான் என்று கேட்டு, அந்த ஊர்ப் பெயராலேயே அழைத்தது உலகம். உழவனும் ரோசன்பெர்க் ஆனான், தச்சனும் ஆனான்.

பிரபுக்களும் ஆயினர். பொஹீமிய நாட்டின் தெற்கிலே, வல்தாவா ஆற்றங்கரைக் கோட்டையிலே கொலுவிருந்தது ரோசன்பெர்க் பெருங்குடி. ஐந்திதழ்ச் செம்மலர் அவர்தம் கொடியிலே. ஜெர்மானியரோ? அல்லர், செக் நாட்டுப் பிரபுக்கள்! கோட்டைக்கு ஜெர்மன் பெயர் இடுவது அக்காலத்து உயர்குடியினரின் நாகரிகம். கோட்டையின் பெயர் குடும்பத்தின் மீது ஏறிக்கொண்டது. செக் மக்கள் அதனை 'ரோஷ்ம்பெர்க்' என்று தம் நாவுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். 1611இல் வாரிசின்றி அக்குடி மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை.

யூதர் கதை வேறு. தலைமுறை தலைமுறையாக அவர்களிற் பெரும்பாலோர்க்குக் குடிப்பெயர் என்பதே கிடையாது. ஆபிரகாம் மகன் ஈசாக்கு, ஈசாக்கு மகன் யாக்கோபு என்று தந்தை பெயரே போதுமானதாக இருந்தது. போதாது என்றது அரசு. வரி வாங்க வேண்டும், படைக்கு ஆள் பிடிக்க வேண்டும், பதிவேட்டை நிரப்ப வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரை வைத்துக்கொண்டு கணக்கன் என்ன செய்வான்? 1787 ஜூலையிலே ஆஸ்திரியப் பேரரசன் இரண்டாம் ஜோசப் ஆணையிட்டான்: யூதர் அனைவரும் நிலையான குடிப்பெயர் பூணுக, 1788 ஜனவரி முதல் நாளிலிருந்து. 1808இல் நெப்போலியன் தன் ஆட்சிப் பகுதிகளிலே அவ்வாறே ஆணையிட்டான். 1812இல் பிரஷ்யா, குடியுரிமை வேண்டுமாயின் ஆறு மாதத்துக்குள் குடிப்பெயர் கூறுக என்றது.

கெடு வைத்துப் பெயர் கேட்டால் மக்கள் என்ன செய்வர்? சிலர் ஊர்ப் பெயரைச் சூடினர், சிலர் தொழிலைச் சொல்லினர். பலர்க்குச் செவிக்கினிய இரு சொற்களை ஒட்டவைத்த பெயர்கள் வாய்த்தன. ரோசனோடு பெர்க்கை ஒட்டினால் ரோஜா மலை. தாலை ஒட்டினால் ரோஜாப் பள்ளத்தாக்கு. பெர்க்குக்கு முன்னே கோல்டைச் சேர்த்தால் பொன்மலை. கலீசியாவிலே கையூட்டுத் தந்தவனுக்கு மலர்ப் பெயரும், தராதவனுக்கு இழிபெயரும் அதிகாரிகள் சூட்டினர் என்று ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையான கதைதான். ஆனால் பதிவேடுகளைத் துருவிப் பார்த்தோர் இழிபெயர்கள் மிகச் சிலவே என்கின்றனர். நமக்குப் பிடித்த கதை என்பதற்காகச் சான்றில்லாததை நம்பலாகாது அன்றோ!

ஆக, எழுதுகோலால் பிறந்த பெயர். அதிலேதான் குருதியை மோந்து பார்க்கக் கிளம்பினர் நாஜிகள்.

அவர்தம் தத்துவ ஆசான் யார்? 1893இல், ஜார் மன்னனின் குடையின்கீழ் இருந்த ரேவல் நகரிலே பிறந்தவன். மாஸ்கோவிலே பட்டம் பெற்றவன். 1918 இறுதியிலேதான் ஜெர்மனியைத் தேடி வந்து சேர்ந்தவன். வந்தவன் அங்கேயே பிறந்து வளர்ந்தோரைப் பார்த்து, நீ அந்நியன் என்றான்! அதே 1918இல், ஏப்ரல் முதல் நாள், பிரெஞ்சு மண்ணிலே பிரிட்டிஷ் படைவீரராக மாண்டவர் ஐசக் ரோசன்பெர்க் என்ற கவிஞர். ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த யூதரின் மகன். ஜெர்மன் பெயரைச் சுமந்துகொண்டு ஜெர்மன் படையை எதிர்த்துப் போரிட்டு வீழ்ந்தார்! பெயரைக் கொண்டு நாட்டுப்பற்றை அளப்போர் இவரை எந்தத் தட்டிலே வைப்பர்?

பெர்லின் காவல்துறைத் துணைத் தலைவர் பெர்ன்ஹார்டு வைஸ் என்ற யூதரை, கோயபல்ஸ் தன் ஏட்டிலே 'இசிடோர்' என்றே எழுதி எள்ளினான். பெர்ன்ஹார்டு என்ற பெயரிலே யூதவாடை இல்லையே, என்ன செய்வான் பாவம்! தானே ஒன்று சூட்டினான். அந்த இசிடோராவது யூதப் பெயரா? கிரேக்கப் பெயர், ஐசிஸ் தேவியின் கொடை என்று பொருள், செவில் நகரத்துக் கிறித்தவ ஆயர் ஒருவர், புனிதராய்ப் போற்றப்படுபவர், தாங்கிய பெயர்.

குருதி, குருதி என்று கூவியவர்கள் 1935இல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது நடந்ததைக் கேளுங்கள். யூதன் யார்? பாட்டன் பாட்டி நால்வரில் மூவரேனும் யூதராயிருப்பின் அவன் யூதன். அந்தப் பாட்டன் யூதன் என்பதற்கு என்ன அடையாளம்? யூத சமயச் சங்கத்திலே அவன் பெயர் இருந்ததா என்று பார்! குருதியைச் சோதித்தாரில்லை, சோதிக்க அங்கே ஏதும் இல்லை. மாதா கோயில் பதிவேட்டிலும் சமயச் சங்கப் பதிவேட்டிலும் மை உலர்ந்த எழுத்தைத் தேடினர். ஆரிய விஞ்ஞானம் என்று அவர்கள் ஆர்ப்பரித்தது இதைத்தான்.

அப்போதும் தொல்லை தீரவில்லை. தெருவிலே போகிற ரோசன்பெர்க் எந்த ரோசன்பெர்க்? வைஸ் எந்த வைஸ்? 1938 ஆகஸ்டிலே ஆணை பிறந்தது: அரசு வகுத்த பட்டியலிலுள்ள பெயர் இல்லாத யூத ஆடவர் ஒவ்வொருவரும் 'இஸ்ரேல்' என்றும், பெண்டிர் 'சாரா' என்றும் மேலும் ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளல் வேண்டும், 1939 ஜனவரி முதல். பார்த்தீர்களா, தோற்றதை அவர்களே எழுதிக் கொடுத்ததை! பெயரே பிறப்பைக் காட்டுமாயின், காட்டுவதற்கென்று இன்னொரு பெயர் எதற்கு? அந்தப் பெயர்கள் ஒட்டிய அடையாள அட்டைகளோடுதான் ஆயிரமாயிரம் பேர் கொலைக்களங்களுக்குப் புகைவண்டியேற்றப்பட்டனர்.

இன்றும் பட்டியல்களைப் புரட்டி, இந்தப் பெயர் யூதப் பெயர், இவன் அவர்களுள் ஒருவன் என்று விரல் நீட்டுவோர் உளர். ரோசன்பெர்க்கைக் கண்டால் போதும், புள்ளடி இட்டுவிடுவர். அவர்கள் ஆல்பிரட்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருக்கும்!

1945இல் நேச நாடுகள் அந்தச் சட்டங்களை நீக்கின. தப்பிப் பிழைத்தோரின் பிறப்புப் பதிவேட்டின் ஓரத்திலே, இஸ்ரேல் என்றும் சாரா என்றும் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது. அது செல்லாது என்று அதன் பக்கத்திலே இன்னொரு குறிப்பை எழுதி வைத்தான் எழுத்தன்.