ஜெனீவா நமக்கெதற்கு என்று கேட்கும் நானாவுக்கு



ஊர் வட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு குரல் பதிவை நேற்று மூன்று பேர் எனக்கு அனுப்பினார்கள். "ஜெனீவா தமிழர்ட பிரச்சினை, வெள்ளைக்காரன்ட அரசியல், நாம தலை போடத் தேவல்ல" என்கிறார் பேசியவர். பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர், வயதில் மூத்தவர். மரியாதையோடுதான் எழுதுகிறேன். ஆனால் நானா, இவ்வளவு சீக்கிரமா மறந்தீர்கள்?

2020 ஏப்ரலில், கொரோனாவில் மௌத்தானவர்களை எரித்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கலாம் என்றது. நமது நாட்டு நிபுணர்கள் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். உயர் நீதிமன்றம் போனோம், டிசம்பர் 1ஆம் திகதி மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தார்கள். அதே மாதம் பிறந்து இருபது நாளான பிள்ளையை எரித்தார்கள். பொரளை கனத்தை மயான வேலியில் கட்டிய கபன் துணியையும் கழற்றி எறிந்தார்கள். எதிர்க்கட்சியில் வென்ற நமது எம்பிமார் சிலரோ அதற்குச் சற்று முன்னர்தான் 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தியிருந்தார்கள்.

பிறகு எப்போது மாறியது? 2021 பெப்ரவரி 22 ஜெனீவா கூட்டத்தொடர் ஆரம்பம். 23 இம்ரான் கான் கொழும்பு வந்தார். 25 அடக்க அனுமதிக்கும் வர்த்தமானி. நிலத்தடி நீர் மூன்று நாளில் சுத்தமாகிவிட்டதா? அரசுக்கு முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது, அவ்வளவுதான். மார்ச் 5 ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. மார்ச் 23 வாக்கெடுப்புக்கு வந்த 46/1 தீர்மானத்தில், நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டது பற்றி எழுதியே இருந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. எதிர்த்தவர்களில் பாகிஸ்தானும் பங்களாதேஷும். இந்தோனேசியாவும் பஹ்ரைனும் நடுநிலை. "நமது நாடுகள் பார்த்துக்கொள்ளும்" என்பவர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை வாசிக்கட்டும்.

காஸாவில் வாய் மூடும் மேற்கு நாடுகளுக்கு இங்கே பேச என்ன தகுதி என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, இரட்டை முகம்தான். ஆனால் ஜும்ஆவில் காஸாவுக்கு நீதி கேட்டு துஆ செய்துவிட்டு, வாசலில் செருப்பைப் போடும்போது நம் நாட்டில் விசாரணையே வேண்டாம் என்பது என்ன கணக்கு?

2012இல் நமது பெரியவர்கள் சிலர் ஜெனீவா போய் அரசுக்காக முஸ்லிம் நாடுகளிடம் பேசினார்கள். அடுத்த வருடமே ஹலால் பிரச்சினை. 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது.

ஜெனீவாவோடு எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேறு காரணத்துக்கு. 2015இல் வந்த ஐ.நா. விசாரணை அறிக்கை 2002 முதல் 2011 வரையான காலத்துக்கானது. 1990 ஆகஸ்ட் காத்தான்குடிப் பள்ளியில் தொழுகையில் சுட்டதும், ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் நம்மைத் துரத்தியதும் அந்தக் காலத்துக்கு வெளியே நிற்கின்றன. இதைக் கேட்க யார் போனோம்? 46/1 வந்த பிறகு மனித உரிமை ஆணையாளர் அலுவலகம் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு தமிழ்த் தாய்மார் வருடக்கணக்காக வீதியில் இருக்கிறார்கள், அவர்களிடம் பெயரும் திகதியும் இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? பெருமூச்சு.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதையும், இரண்டு மணி நேரம் தந்ததையும், சோதனையில் தோட்டைக் கழற்றியதையும் உம்மா நூறு தடவை சொல்லிவிட்டா. பிள்ளைகளின் கட்டுரைகளை இருபது வருடமாகத் திருத்துகிறேன். உம்மா சொன்னதில் ஒரு பக்கம் எழுதி வைக்கவில்லை. இப்போது அவவுக்குப் பெயர்கள் மாறிப் போகின்றன.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். 90இல் வந்தவர்களும், ஜனாஸா எரிக்கப்பட்ட வீட்டாரும் இருக்கிற துண்டு, படம், மரணச் சான்றிதழ் எதையும் எடுத்து வாருங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் எழுத வருகிறார்கள். நானா, அந்த மைதானத்தில் நீங்களும் நின்றவர்தானே. முதலில் உங்களிடம்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.